மேலவர் கீழே இறங்கிய வருடம்

டவர் கிரேன் ஓட்டுகிறவரை அந்தக் கட்டட வேலையிடத்தில் எல்லோரும் மேலவர் என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் ஏணியில் ஏறிப் போனால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறங்குவார். சில நாள் அதற்கும் இறங்க மாட்டார், டப்பாவை மேலேயே கொண்டுபோய்விடுவார். கீழே கனமாக ஏதாவது கிடந்து, இதை யார் தூக்கப் போகிறார்கள் என்று புதிதாக வந்தவன் கேட்டால், "மேல இருக்கறவர் பார்த்துக்குவார்" என்று வானத்தைக் காட்டுவார்கள். அவனும் பக்தியோடு தலையை ஆட்டுவான். கொக்கி இறங்கி வந்து தலைக்கு மேல் தொங்கும்போதுதான் விஷயம் புரியும்.

கீழே அவருக்குக் கண்ணாக இருந்தவன் மைக்செட். கட்டடத்தின் மறுபக்கம் கேபினிலிருந்து தெரியாது. அங்கே சுமையை இறக்கும்போது வாக்கி-டாக்கியில் மைக்செட் சொல்வதுதான் கணக்கு. அவன் சாதாரணமாகப் பேசினாலே மேலே கேட்கும், கையில் அந்தக் கருவி எதற்கு என்று கேலி செய்வார்கள். பேர் வந்ததும் அதனால்தான். "அண்ணே, இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். தூங்கற பிள்ளையைத் தோள்லேருந்து இறக்கற மாதிரி மெதுவா. ஆங், நிறுத்து" என்பான். அவன் நிறுத்து என்று சொல்லி முடிப்பதற்குள் சுமை நின்றிருக்கும். வருடக்கணக்காக அப்படித்தான் ஓடியது.

ஒரு நாள் நிற்கவில்லை.

அன்று தூக்கியது கம்பிக் கட்டு. மைக்செட் நிறுத்து என்றான். இன்னொரு முறை நிறுத்து என்றான். மூன்றாவது முறை அவன் கத்தியது வாக்கி-டாக்கி இல்லாமலேயே தெருவுக்குக் கேட்டது. கம்பிக் கட்டு, கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கிறவர்களின் தலைக்கு மேல் இறங்கிக்கொண்டே வந்தது. மூலையில் குனிந்து ஆணி அடித்துக்கொண்டிருந்த ஆசாரி தன் தலையில் விழுந்த நிழலைப் பார்த்துத் துள்ளி விலகினார். அவர் நின்ற இடத்துப் பலகை இரண்டாகப் பிளந்தது. அப்போதுதான் மேலவரின் கை லீவரை இழுத்தது.

யாருக்கும் ஒரு கீறல் கூட இல்லை. மேலவர் இறங்கி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்து யாரும் திட்டவும் இல்லை. பாதுகாப்பு அதிகாரி, எல்லோரும் சேஃப்டி என்று கூப்பிடுகிற மனிதர், கிட்டே வந்து கேட்டார்.

"தூங்கிட்டீங்களா?"

"இல்ல சார்."

"பின்ன எங்க இருந்தீங்க?"

உண்மையைச் சொல்வதென்றால் மேலவர், ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

அவருக்கு ஒரே மகள். பிறந்தபோது உள்ளங்கையில் அடங்கிவிடுவாள் போல இருந்ததால் சுண்டு. இருபது வயது தாண்டி அம்மாவைவிட உயரமாக வளர்ந்த பிறகும் சுண்டுதான். செயற்கைப் பல் செய்கிற கூடத்தில் வேலை கற்றுக்கொண்டிருந்தாள். பழகுவதற்கு வாய் வேண்டும் என்று அப்பாவை உட்கார வைத்து, பசை மாதிரி எதையோ வாய் நிறைய அடைத்து, அச்சு எடுத்து பிளாஸ்டரில் வார்த்துக்கொண்டு வந்து காட்டினாள். "பாருப்பா, உன் பல்லு எல்லாம் கூட்டணி உடைஞ்ச கட்சி மாதிரி ஆளுக்கு ஒரு திசையில நிக்குது" என்றாள். அந்தப் பல்வரிசை தொலைக்காட்சிப் பெட்டி மேல் வெகுநாள் உட்கார்ந்து, வீட்டுக்கு வருகிறவர்களைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். பிறகு ரத்தத்தில் கிருமி என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்ன மறுநாள் மேலவர் வேலைக்குப் போனார். கேபினுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கீழே அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். அன்று மத்தியானம் வாக்கி-டாக்கியில் மைக்செட்டின் குரல் வந்தது. "அண்ணே, இறங்குங்க." அவ்வளவுதான். வாயை மூடத் தெரியாதவன் அதோடு நிறுத்திக்கொண்டதிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் ஓட்டமும் நடையுமாகப் போனபோது, கடைசிப் பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை. பைக்குள் சுண்டுவின் செருப்பு. "போயிட்டா" என்றாள்.

அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கே ஒரு நர்ஸ் இன்னொருத்தியிடம், "காலையிலேயே மோசமாயிடுச்சு" என்று சொன்னது இவர் காதில் விழுந்துவிட்டது. காலையிலேயே என்றால் ஏன் மத்தியானம் வரைக்கும் எனக்குச் சொல்லவில்லை? கேட்டால் என்ன ஆகும் என்று அவருக்குப் பயம். அவள் சொல்கிற பதிலில் தன் கோபம் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியவில்லை. அதனால் கேட்காமலே மாதங்கள் போயின. கேட்காத கேள்வி அவரைத் தினமும் அந்த வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. கம்பிக் கட்டு இறங்கிய அன்றும் அங்கேதான் இருந்தார்.

சேஃப்டி அவரைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார். வேலையை விட்டுத் தூக்கவில்லை; ஸ்டோரில் உட்கார வைத்தார். தூக்குப் பட்டை, சங்கிலி, கொக்கி எல்லாவற்றையும் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து எடுத்துக் கொடுப்பது வேலை. "வாரா வாரம் கேன்டீன்ல மூச்சுப் பயிற்சி நடக்குது. அதுக்குப் போங்க. அந்த டீச்சரம்மா சரின்னு சொன்னாத்தான் மறுபடி ஏணி" என்றார்.

"மூச்சு விடறதுக்கு வகுப்பா சார்? பொறந்ததுலேருந்து அதை ஒண்ணைத்தான் பாடம் படிக்காம செய்யறேன்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. போங்க."

மூச்சு டீச்சர் சின்னப் பெண். சுண்டுவைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம். சாப்பாட்டு மேஜைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வைத்திருந்தாள். கை கால் அடிபட்டவர்கள், உயரத்தைப் பார்த்துத் திடீரென்று நடுங்கத் தொடங்கியவர்கள், கோபத்தில் யாரையோ அடித்து எச்சரிக்கை வாங்கியவன் ஒருவன் என்று வந்திருந்தார்கள். மைக்செட்டும் வந்தான். அவனை யாரும் வரச் சொல்லவில்லை. "அண்ணனைத் தனியா அனுப்ப மனசு வரல. எனக்கு மூச்சு விட வராது டீச்சர், பேச்சு விடத்தான் வரும்" என்றான். வந்த அரைமணியில் குறட்டை விட்டான்.

டீச்சர் சொன்னது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பாதம் இரண்டும் தரையில் படட்டும். மூச்சை இழுக்கவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம். உள்ளே போகும்போது மூக்கு நுனியில் சில்லென்று இருக்கும், வெளியே வரும்போது வெதுவெதுப்பாக இருக்கும், அதைக் கவனித்தால் போதும். "மனசு எங்கயாவது ஓடும். ஓடினது தெரிஞ்சதும் திரும்பி வாங்க. ஓடிப்போச்சேன்னு அதைத் திட்டாதீங்க" என்றாள்.

முதல் வாரம் மேலவர் கடிகாரத்தைத்தான் பார்த்தார். இரண்டாவது வாரம், என்ன தோன்றியதோ, சரி பார்ப்போமே என்று கண்ணை மூடினார். மூக்கு நுனி. சில். வெதுவெதுப்பு. மனசு வராந்தாவுக்குக் கிளம்பியது. திரும்பி வந்தார். மறுபடி கிளம்பியது. மறுபடி வந்தார். இப்படிப் போய் வந்து, போய் வந்து, ஒரு கட்டத்தில் ஓட்டம் நின்றுவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலி முதுகில் அழுத்துவது தெரிந்தது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை டக்கென்று சத்தம் போட்டது. யாரோ கழுவி வைத்த பாத்திரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. தூரத்தில் எங்கோ சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் தெளிவாக, கையால் தொடலாம் போல இருந்தது. அந்தத் தெளிவுக்கு நடுவில், இதற்கு முன் ஒருமுறைகூட அவருக்கு உறைக்காத விதத்தில், சுண்டு இல்லை என்பது உறைத்தது.

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மணல் மேட்டுக்குப் பக்கத்தில் நின்று வாந்தி எடுத்தார். வகுப்பு முடிந்து டீச்சர் தேடிக்கொண்டு வந்தாள்.

"என்ன சார் ஆச்சு?"

"ஒண்ணு கேக்கறேன். நீங்க என்னை எங்க கூட்டிட்டு வரப் பாக்கறீங்க?"

"இங்கதான். இப்ப இருக்கற இடத்துக்கு."

"இங்க என் பொண்ணு இல்லையேம்மா."

டீச்சருக்கு விஷயம் தெரியும், சேஃப்டி சொல்லியிருந்தார்.

"நேத்து வரைக்கும், காலையில கண்ணு முழிச்சதும் அவ அடுத்த ரூம்ல தூங்கறான்னுதான் இருக்கும். பஸ்ல வரும்போது மனசுக்குள்ள அவகிட்ட பேசிக்கிட்டே வருவேன். அவளும் ஏதாவது சொல்லுவா. நான் பாட்டுக்கு அவளோட எங்கயோ இருந்தேன். நீங்க மூச்சைப் பாரு, சத்தத்தைக் கேளுன்னு சொல்லி என்னைத் தரதரன்னு இழுத்துட்டு வந்து இங்க போட்டுட்டீங்க. இங்க எல்லாம் இருக்கு. நாற்காலி இருக்கு, ஃபேன் இருக்கு, மைக்செட்டோட குறட்டை இருக்கு. அவ மட்டும் இல்ல."

டீச்சர் தன் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினாள். "படபடப்புக்கு, பயத்துக்கு, தூக்கம் வராததுக்குத்தான் நான் இதைக் கத்துக்கிட்டேன். வலி போகும்னு நான் சொன்னதா நீங்க நினைச்சிருந்தா, அது என் தப்பு."

"அப்ப எதுக்கு இது?"

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், வலிக்கறப்ப ஓடாம நிக்கறதுக்கு. வேணாம்னா விட்டுடுங்க. நான் சேஃப்டி சார்கிட்ட ஒண்ணும் தப்பா சொல்ல மாட்டேன்."

அடுத்த வாரம் அவர் போகவில்லை. கிரேனும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், பட்டையையும் சங்கிலியையும் எண்ணிக்கொண்டு ஓய்வு வயது வரை ஓட்டிவிடலாம் என்று இருந்தார். அப்போதுதான் அந்த ஆசாரி ஸ்டோருக்கு வந்தார், பிளந்த பலகை மேல் நின்றிருந்தவர். மேலவர் அவரை நேராகப் பார்க்க முடியாமல் பட்டையைத் தேடுகிற சாக்கில் முதுகைக் காட்டி நின்றார்.

"எப்ப மறுபடி ஏறுவீங்க?" என்றார் ஆசாரி.

"ஏற வேண்டாம்னு இருக்கேன். உங்களையே கொன்னிருப்பேன்."

"கொல்லலையே." ஆசாரி பட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க மேல இருந்த வரைக்கும் நான் நிமிர்ந்தே பார்த்ததில்ல. குனிஞ்சா வேலை, நிமிர்ந்தா சாப்பாடு. இப்ப புதுப் பையன் வந்திருக்கான். கெட்டவன் இல்ல. ஆனா கொக்கி வரும்போதெல்லாம் நிமிர்ந்து நிமிர்ந்து பாக்கறேன். கழுத்து வலிக்குது."

அவர் போன பிறகு மேலவர் வெகுநேரம் ஸ்டோர் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் வகுப்புக்குப் போனார்.

வீட்டிலும் உட்காரத் தொடங்கினார். விடியற்காலை, மனைவி வேலைக்குக் கிளம்புவதற்கு முன், முன்னறை நாற்காலியில். அவள் சலவைக் கடையில் வேலை பார்த்தாள். கறை எடுப்பதிலும் இஸ்திரி போடுவதிலும் அந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. முதல் நாள் அவரைப் பார்த்துவிட்டு, "என்ன, உட்கார்ந்துக்கிட்டே தூங்கறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அந்த வீட்டில் அப்போது அப்படித்தான். ஒருவர் கேட்பார், மற்றவர் பதில் சொல்வதற்குள் அறையை விட்டுப் போயிருப்பார்.

உட்கார்ந்தால் சுண்டு இல்லாதது தினமும் வந்து எதிரே நின்றது. அது பழகவில்லை. ஆனால் ஓடாமல் அங்கேயே இருந்ததில், வேறு சிலதும் கண்ணில் படத் தொடங்கின. மனைவி சமையலறையில் நிற்கும்போது நடுநடுவே ஒரு நீண்ட பெருமூச்சு விட்டாள். தான் அப்படி விடுவதே அவளுக்குத் தெரியவில்லை. ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவுகிற அளவுக்கு இளைத்திருந்தாள். காதோரம் நரை பட்டையாக இறங்கியிருந்தது. ஒரு நாள் அவள் டம்ளரை நீட்டியபோது மணிக்கட்டுக்கு மேல் விரல் நீளத்துக்கு ஒரு தழும்பைப் பார்த்தார்.

"என்ன இது?"

"இஸ்திரிப் பெட்டி பட்டுடுச்சு."

"எப்ப?"

அவள் யோசித்தாள். "மழை பெய்ஞ்சுக்கிட்டிருந்துச்சே, அப்ப."

மழை நின்று எத்தனையோ நாளாகியிருந்தது. அத்தனை நாளும் அந்தக் கை அவருக்குச் சோறு போட்டிருக்கிறது. மேலவருக்கு வெட்கமாக இருந்தது. கிரேனிலிருந்து எறும்பளவு தெரிகிற மனிதனின் கையசைவைக்கூடத் தப்பவிடாத கண் அது. ஒரு மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவளைப் பார்க்கவில்லை.

அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு விடுமுறை நாள் மத்தியானத்தில். மனைவி கட்டிலில் துணி மலையைப் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். வெயிலில் காய்ந்த துணியின் சூடு அறை முழுக்க இருந்தது. இவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடித்தார். அவள் அதை வாங்கி, பிரித்து, தன் பாணியில் மறுபடி மடித்தாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "கோவிச்சுக்கப் போறதில்ல."

அவள் கை நின்றது. என்ன கேட்கப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அன்னிக்குக் காலையிலேயே மோசமாயிடுச்சாமே. ஏன் எனக்குச் சொல்லல?"

அவள் ஒரு தலையணை உறையை எடுத்து, சுருக்கமே இல்லாத இடத்தைத் தேய்த்துத் தேய்த்து நீவினாள்.

"இதைக் கேக்காமலே இருந்துடுவீங்கன்னு நினைச்சேன்" என்றாள். "காலையில அவளுக்கு மூச்சு வாங்கிச்சு. முகத்துல ஆக்ஸிஜன் மாட்டினாங்க. நான் உங்க ஆபீசுக்குப் போன் போடறேன்னு எழுந்தேன். அவ கையைப் பிடிச்சுக்கிட்டா. மாஸ்க்கைக் கீழ இழுத்துட்டு, 'அப்பாவுக்குச் சொல்லாதம்மா'ன்னா."

"ஏன்?"

"'மேல இருப்பாரு. எனக்கு முடியலன்னு கேட்டா ஏணியில ஓடி வருவாரு. கை வழுக்கிடும்மா. சாயங்காலம் தானா இறங்குவார்ல, அப்ப வரட்டும்'னா."

மேலவரின் மனசு ஒரே பாய்ச்சலாகக் கிளம்பியது. அந்தக் காலைக்கு, அந்தக் கட்டிலுக்கு, போடாத அந்தப் போனுக்கு. இவள் ஏன் அந்தப் பேச்சைக் கேட்டாள், பிள்ளை சொன்னால் இவளுக்குப் புத்தி வேண்டாமா, அப்போதே சொல்லியிருந்தால், சொல்லியிருந்தால். அந்த ஓட்டம் அவருக்குத் தெரிந்தது. வழி நெடுகத் தெரிந்த வழிதான். மூக்கு நுனியில் காற்று சூடாகப் போய் வந்தது, சில்லென்று கூட இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். கட்டில். துணியின் சூடு. தலையணை உறையைப் பிசைகிற இரண்டு கை, ஒன்றில் தழும்பு. மறுபடி ஓடியது. மறுபடி திரும்பினார். எழுந்து போய்விடாமல் இருப்பதற்கு அவருக்கு இருந்த பலம் அவ்வளவும் வேண்டியிருந்தது.

"அப்புறம்?" என்றார்.

"நான் வெளிய வந்து போனைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். போடவும் முடியல, உள்ள வைக்கவும் முடியல. நீங்க எப்படி வருவீங்கன்னு எனக்குத் தெரியாதா? அவ சொன்னது நியாயமாத்தான் பட்டுச்சு. சாயங்காலம் வரைக்கும் இருப்பான்னுதானே நானும் நினைச்சேன். டாக்டருங்க ஓடி வந்தப்பதான் ஆபீசுக்குப் போட்டேன்."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க மறுபடி அந்த ஏணியில கால் வைப்பீங்களா?" என்றாள். "எம்மேல கோவமா இருக்கீங்கன்னு தெரியும். இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். அது எவ்வளவோ தேவலாம்."

குழாயில் தண்ணீர் வரும் நேரம். பக்கெட்டில் விழுகிற சத்தம் கேட்டும் அவள் எழுந்து போகவில்லை. மேலவருக்கு அழுகை வரவில்லை. நெஞ்சில் யாரோ கையை விட்டு எதையோ பெயர்த்து எடுப்பது மாதிரி இருந்தது. அவர் அங்கேயே இருந்தார்.

"வேற என்ன சொன்னா?"

அதுவரை அழாத மனைவிக்கு அந்தக் கேள்வியில் கண் நிறைந்துவிட்டது. இதை யாருமே அவளிடம் கேட்டிருக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் எப்படிப் போனாள் என்று கேட்டார்கள், என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். உதடு காய்ந்துவிட்டது என்று சுண்டு எண்ணெய் தடவச் சொன்னாள். தலையைச் சீவிவிடச் சொல்லிவிட்டு, வலிக்கிறது, நீ துணி துவைக்கிற மாதிரி சீவுகிறாய் என்று சண்டை பிடித்தாள். பக்கத்துக் கட்டில் பாட்டி குடிக்கிற கஞ்சியின் வாசனை பிடிக்கவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பெரிய டாக்டர் வந்துட்டுப் போனாரே, அவர் அந்தப் பக்கம் போனதும் என்னைக் கிட்ட கூப்பிட்டா. 'இவ்வளவு பெரிய டாக்டர், முன்பல்லு ரெண்டும் ஒண்ணை ஒண்ணு முறைச்சுக்கிட்டு நிக்குது. நான் எழுந்ததும் சரி பண்ணித் தர்றேன்னு சொல்லும்மா'ன்னா."

மேலவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். மாதக்கணக்கில் அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது. இருவருக்குமே அது திடுக்கென்றது. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. பக்கெட் நிரம்பி வழிந்து, தண்ணீர் அறை வாசல் வரை வந்த பிறகுதான் எழுந்தார்கள். அழுதுகொண்டே ஆளுக்கு ஒரு துணியை எடுத்துத் தரையைத் துடைத்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். அன்றைக்கு இரவிலிருந்து மேலவருக்குப் புதிதாக ஒரு வலி சேர்ந்துகொண்டது. முன்பு, நான் போகவில்லையே என்று இருந்தது. இப்போது, வர வேண்டாம் என்று எனக்காகச் சொன்னாளே என்று இருந்தது. எது கனம் என்று அவரால் எடை போட முடியவில்லை. ஆனால் வராந்தாவில் நடப்பது குறைந்தது. போகாமல் இல்லை. போனால் போனது தெரிந்தது.

டீச்சர் சரி என்று சொன்னாள். சேஃப்டி பக்கத்தில் ஆள் வைத்துச் சில நாள் ஓட்டிக் காட்டச் சொன்னார். பிறகு ஏணியைக் கொடுத்தார். தனியாக ஏறிய முதல் நாள், மனைவி பயந்தது சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு படியிலும் சுண்டுவின் சொல் இருந்தது. அவர் ஒரு கையை எடுத்து, அடுத்த படியைப் பிடித்து, பிடி இறுகியது தெரிந்த பிறகு மறு கையை எடுத்தார். பாதி வழியில் நின்று அழுதார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லாததால் காற்றே காயவைக்கட்டும் என்று நின்றுவிட்டு மேலே போனார்.

"அண்ணே, கேக்குதா?" என்றான் மைக்செட்.

"கேக்குது."

"சும்மாதான் கேட்டேன்."

அன்று முதலில் தூக்கியது பலகைக் கட்டு. மறுபக்கத்தில் இறக்க வேண்டும். மைக்செட் வழக்கத்தைவிட மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தான். நிறுத்து என்றதும் நின்றது. ஆசாரி நிமிர்ந்து பார்த்தாரா இல்லையா என்று மேலவருக்குத் தெரிய வழியில்லை, கேட்கவும் இல்லை.

மாலையில் கீழே இறங்கியதும் அலமாரியைத் திறந்து போனை எடுத்து மனைவிக்கு ஒரு வார்த்தை சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டார். "இறங்கிட்டேன்" என்பார். "சரி" என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

குளிர் தொடங்கிய ஒரு சாயங்காலம் அவர்களுக்குள் சண்டை வந்தது. பெரிய விஷயம் இல்லை. அவர் குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார், அவ்வளவுதான்.

"எத்தனை தடவை சொல்றது? துண்டுக்குன்னு கொடி கட்டி வெச்சிருக்கேன். கண்ணு தெரியுதா இல்லையா?"

"எடுக்கத்தான் போறேன்."

"எப்ப? மெத்தை ஊறினதுக்கு அப்புறமா? ஊர்ல இருக்கறவங்க அழுக்கையெல்லாம் துவைச்சுட்டு வந்து இங்கயும் நான்தான் துவைக்கணும்."

"ஒரு துண்டுக்கு இவ்வளவு பேச்சா? காலையிலேருந்து உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டு வரேன்."

"ஆமா, நான் மட்டும் கடையில கால் நீட்டிப் படுத்திருக்கேன்."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"வேற எப்படிச் சொன்னீங்க?"

மேலவர் வாயைத் திறந்தார். அவளும் அடுத்ததற்குத் தயாராக இடுப்பில் கை வைத்து நின்றாள். அந்த இடத்தில் இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த வீட்டில் சண்டை எந்தக் காலத்திலும் இதற்கு மேல் போனதில்லை. சரியாக இந்த இடத்தில் உள் அறையிலிருந்து ஒரு குரல் வரும். "ரெண்டு பேரும் வாயை மூடறீங்களா, இல்ல நான் ஹாஸ்டலுக்குப் போகட்டுமா?" என்று. வந்ததும் இருவரும் முணுமுணுத்துக்கொண்டு விலகிவிடுவார்கள். பல வருடப் பழக்கம். இப்போதும் இருவரும் தங்களை அறியாமல் அந்தக் குரலுக்குத்தான் காத்து நின்றார்கள். குரல் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

மேலவர் மனைவியைப் பார்த்தார். அவளும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. அவர் மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, மெதுவாக வெளியே விட்டார். அங்கேயே நின்றார்.

"திட்டு வாங்கறப்பவும் இந்த மூச்சுதானா?" என்றாள் அவள்.

"இல்லேன்னா எதிர்த்துப் பேசிடுவேன்."

"பேசுங்களேன். யார் வேணாம்னா?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடியில் போட்டார். அவள் பின்னாலேயே வந்து, அவர் கோணலாகப் போட்டதை இழுத்து நேராக்கினாள். ஈரம் பட்ட மெத்தையைத் தூக்கி நிறுத்த ஒரு கை வேண்டும் என்றாள். அவர் மறுமுனையைப் பிடித்தார்.